கொண்டாட்ட நாளும் வீட்டு நாயும்

எங்கள் வீட்டிலே முன்னொரு காலத்தில் வீரன் என்று ஒரு நாய் இருந்தது. பெயருக்கேற்ற நாய்தான். இரவிலே வேலியோரத்தில் ஒரு பனையோலை அசைந்தாலும் எழுந்து நின்று குரைக்கும். தபாற்காரர் படலைக்கு அப்பால் நின்றபடியே துவிச்சக்கர வண்டியின் மணியை அடித்துக் கடிதத்தை நீட்டுவார். ஒருநாளேனும் உள்ளே கால் வைத்தவரல்லர். அத்தகைய வீரன், ஒரு தீபாவளி நாள் விடியற்காலையிலே அடுத்த வளவிற் சீனவெடிச் சரமொன்று வெடிக்கத் தொடங்கியதும், கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு வேலிப்பொட்டினால் வெளியேறி ஓடிவிட்டதாம். அயலவர் சொல்லியே அறிந்தோம். நாங்கள் அவ்வேளை கோயிலிலே நின்றோம். விருந்தினர் வந்து போகும் நாளாயிற்றே, யாரையும் கடித்துவிடக் கூடாதே என்ற எண்ணத்தோடு அதனை மாமரத்தடியிலே கட்டிவிட்டுச் சென்றவன் நான். நான்கு நாள் தேடினோம். அறுந்த கயிறு கழுத்திலே தொங்க ஒரு நாய் புகையிரதப் பாதையோரமாக ஓடியதைக் கண்டதாக ஒருவர் கூறினார். அதற்குமேல் ஒரு செய்தியும் கிடைக்கவில்லை.

கள்வனுக்கு அஞ்சாத நாய் காகிதவெடிக்கு அஞ்சியதே என்று அந்நாளில் நகைத்தவர்களும் உண்டு. நானும் அவர்களோடு சேர்ந்து சிறிது நகைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் இவ்விடயம் பற்றிப் படித்தும், மிருக வைத்தியர்களைக் கேட்டும் அறிந்தவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, வெடி கொளுத்திய அயலவரிலும் பார்க்கக் கயிற்றைக் கட்டிய நானே அந்த இழப்புக்குப் பெரிதும் பொறுப்பாளி என்று தெரிகின்றது. நேயர்கள் வீட்டிலே அத்தகைய இழப்பு நேராதிருத்தல் கருதியே இன்று இதனைப் பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் நாயின் செவியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளல் நன்று. மனிதச் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே உணரும். நாயின் செவியோ ஏறக்குறைய 45,000 வரை உணர வல்லது. அதுவன்றி, நாம் இருவரும் கேட்கக்கூடிய ஒலிகளுள்ளும், சற்று உயர்ந்த சுருதியில் அமைந்தவற்றை நம்மிலும் பன்மடங்கு மெல்லியனவாய் இருக்கும்போதே நாய் கேட்டுவிடும். தெருமுனையிலே வரும் மோட்டார் வண்டி தன் எசமானுடையதா, பிறருடையதா என்று அது பிரித்தறிவது இவ்வாற்றலினாலேதான். இவ்வளவு நுண்ணிய கருவியின் அருகிலே ஒரு வெடி வெடித்தால் என்னாகும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

ஒலியின் பருமை மாத்திரமே காரணம் என்று கொள்ளுதலும் பொருந்தாது. இடி முழங்குமுன் வானம் இருள்கிறது, காற்று மாறுகிறது, மழையின் மணம் எழுகிறது. வெடிக்கு முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை. எங்கிருந்து வருகிறது, எப்போது முடியும் என்பதும் தெரியாது. நமக்கோ நாட்காட்டியிலே சிவந்த எழுத்தில் அந்த நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்பே புடைவைக் கடைக்குப் போய் வந்திருக்கிறோம். வீட்டிலுள்ள அனைவரும் அறிந்த பண்டிகையை அறியாத உயிர் அந்த நாய் ஒன்றுதான். அதன் உடம்பு அறிந்ததெல்லாம், பேராபத்து வந்துவிட்டது, ஓடு அல்லது ஒளி என்பதே. இதயம் விரைந்து அடிக்கும். அதிரீனலின் என்னும் சுரப்பு இரத்தத்திலே பெருகும். வழக்கமாகத் தாண்ட முடியாத மதிலையும் அவ்வேளையிலே தாண்டிவிடும்.

ஆகவேதான் கட்டிவைத்தல் தீங்காகிறது. ஓட முடியாது, ஒளியவும் முடியாது என்ற நிலையில் அகப்பட்ட நாய் சங்கிலியோடு மல்லுக்கட்டும். கயிறு அறுந்தால் காணாமற் போகும். அறாவிடின் கழுத்து நெரியும். தாழ்ந்த மதிலோரத்திலே கட்டப்பட்டு, மதிலுக்கு அப்பால் பாய்ந்து தொங்கி உயிர்விட்ட நாய்களும் உண்டு. எக்காரணம் பற்றியேனும் கட்டியே தீரவேண்டுமாயின், கதவடைத்த அறையினுள்ளே, கழுத்தைவிடுத்து மார்பைச் சுற்றி அணியும் வாரிலே, பக்கத்தில் ஒருவர் இருக்கக் கட்டலாம். திறந்த முற்றத்திலே ஒருபோதும் ஆகாது.

அச்சத்தின் அறிகுறிகளுள் நடுக்கமும், கால்களுக்கிடையே வாலை மடக்குதலும் யாவரும் அறிந்தவை. வெயில் இல்லாத நேரத்திலே நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தல், தூக்கம் இல்லாமலே அடிக்கடி கொட்டாவி விடுதல், உதட்டை நக்கிக்கொண்டே இருத்தல், வாயூறி வடிதல், கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டிலே பார்த்தல் ஆகியனவும் அச்சக் குறிகளே. இன்னும் ஓர் எளிய சோதனை உண்டு. அது மிக விரும்பும் உணவுத் துண்டொன்றை நீட்டிப் பாருங்கள். வாங்கித் தின்றால் அச்சம் இன்னும் அளவு கடக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது பெரிதும் நடுங்கிப்போயிருக்கிறது என்பது தெளிவு.

“கேட்டுக் கேட்டுப் பழகிவிடும்” என்று கூறுவாரும் உளர். சில நாய்களுக்கு இது உண்மையாகலாம். பலவற்றில் நேர்மாறாக, ஆண்டுக்கு ஆண்டு அச்சம் முதிர்கின்றது. முதலாண்டு வெடிக்கு அஞ்சியது, அடுத்த ஆண்டு தீப்பெட்டி உரசும் ஓசைக்கும் வெடிமருந்து மணத்துக்கும் அஞ்சும். அதுவரை அஞ்சாதிருந்த நாய் முதுமையிலே திடீரென அஞ்சத் தொடங்கினால் மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மூட்டு நோவும் தசை நோவும் உள்ள நாய்கள் ஒலிக்கு மிகுதியாக அஞ்சக்கூடும் என்பதை 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியிருக்கிறது. வெடிக்கு விதிர்த்து எழும்போது நோவுள்ள மூட்டு சுண்டி இழுக்கிறது. ஒலியும் நோவும் ஒன்றாய்ப் பிணைந்துவிடுகின்றன.

இனிச் செய்யத்தக்கவற்றைப் பார்ப்போம். நம் பண்டிகைகளிலே நமக்குப் பெரிதும் உதவக்கூடியது பஞ்சாங்கம். சித்திரை வருடம் பிறக்கும் நேரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே நாழிகை, மணி, நிமிடத்தோடு கணித்து அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். வெடியும் அந்நேரத்தை ஒட்டியே வெடிக்கும். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தையும் திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தையும் கூறும். சிங்கள மக்கள் அடுப்பு மூட்டும் சுபவேளை இன்னொன்று. ஆதலால் மூன்று முறை வெடி கேட்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். பஞ்சாங்கக்காரரின் கருத்து வேற்றுமைக்கு நாய்களும் விலை கொடுக்கின்றன! எனினும் நேரம் தெரிந்திருப்பது பெரிய நன்மை. பொங்கலன்று பால் பொங்கும் வேளை, தீபாவளியன்று எண்ணெய் வைத்து முழுகும் விடியற்பொழுது, டிசெம்பர் 31 ஆந் திகதி நள்ளிரவு என இவையெல்லாம் நாம் முன்னரே அறிந்தவை. அவ்வவ் வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே நாயை உலாவக் கொண்டுசென்று, மலசலம் கழிக்கச் செய்து, உணவு கொடுத்து, உள்ளே சேர்த்துவிடல் வேண்டும். முதல் வெடி கேட்ட பின்னர் படலையைச் சாத்த ஓடுதல் வெள்ளம் வந்தபின் அணை கட்டும் காரியமாகும்.

உள்ளே என்று சொன்னதும், “எங்கள் வீட்டிலே நாய் உள்ளே வருவதில்லை” என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். பண்டிகை நாளிலே வீடு மெழுகிக் கழுவி, நிறைகுடம் வைத்திருக்கும்போது நாயை உள்ளே விடுவதா என்பார்கள். அவர்களுடைய ஆசாரத்தை நான் குறைகூற வரவில்லை. பூசையறைக்கும் சமையலறைக்கும் புறம்பாக ஓரிடம் எந்த வீட்டிலும் இருக்கும். விறகுக் கொட்டிலைச் சுற்றிச் சாக்குகளைத் தொங்கவிட்டு, தரையிலே பழைய போர்வை ஒன்றை விரித்து, கதவை அடைத்துவிட்டால் அதுவே போதிய புகலிடம். மலைநாட்டுத் தோட்டங்களிலே லயக் காம்பிராவில் இடமேது என்றால், நாய் வழக்கமாகப் படுக்கும் இஸ்தோப்பின் ஒரு மூலையைப் பலகையாலும் சாக்காலும் மூன்று பக்கமும் அடைத்துக் கொடுக்கலாம். அருகில் ஒருவர் இருந்தாற் சரி. யாழ்ப்பாணத்திலே குறிச்சிக்கொரு வைரவர் கோயில் உண்டு. அந்த வைரவருக்கு வாகனம் நாய். கோயில் வாசலிலே வாகனமாக வணங்கப்படுவதை வீட்டுத் தாழ்வாரத்திலே ஒரு நாள் இருக்கவிடுவதால் ஆசாரம் குறைந்துபோகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இடம் எதுவாயினும் நாய் தானே தெரிந்தெடுத்த மூலை சிறந்தது. கட்டிலின் கீழே நுழைந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். இழுத்து வெளியே எடுத்தல் கூடாது. யன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டால் ஒளிப் பிளம்பும் ஒலியும் குறையும். வானொலிப் பெட்டியை ஓரளவு உரத்து வைத்தலும் உதவும். வெளியோசை அதிலே கலந்து மழுங்கும். பெல்பாஸ்ற் நகர ஆய்வாளர் 2002 இல், காப்பகமொன்றிலிருந்த நாய்களுக்குப் பலவகை இசையையும் கேட்பித்துப் பார்த்தனர். மேனாட்டுச் சாத்திரீய இசையைக் கேட்டபோது அவை அமைதியாகப் படுத்தன. ஆரவாரமான உலோக இசையைக் கேட்டபோது குரைத்தன. மனிதர் பேச்சைக் கேட்டபோது பெரிய மாற்றம் எதுவும் காணப்படவில்லையாம். என்னைப் போன்ற வானொலிப் பேச்சாளர் இதனைக் கேட்டு மனம் சோர வேண்டியதில்லை. வெடியோசையை மறைக்கவேனும் பேச்சு பயன்படுமன்றோ?

அஞ்சிய நாயைத் தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்று ஒரு கொள்கை நெடுங்காலம் நிலவியது. அச்சம் என்பது பாராட்டுக்காகச் செய்யும் செயலன்று. தடவுதலாலே அது வளர்வதில்லை என்பதே இக்கால மிருக வைத்தியரின் கருத்து. அருகிலே வந்து ஒட்டிக்கொண்டால் அமைதியாகத் தடவிக் கொடுங்கள். அதட்டுதலும் அடித்தலும் அச்சத்தின் மேல் அச்சத்தை ஏற்றுவன. ஒன்றிலே மட்டும் எச்சரிக்கை வேண்டும். சிறு பிள்ளைகள் இரக்கத்தினாலே நடுங்கும் நாயைக் கட்டியணைத்து முகத்தோடு முகம் வைப்பார்கள். எத்தனை நற்குணமுள்ள நாயாயினும் அவ்வேளையிலே கடித்துவிடக்கூடும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். 1973 இல் இந்நாட்டில் விசர்நாய்க்கடி நோயினால் இறந்தோர் தொகை 377. பின்னர் அது பெரிதும் குறைந்தமைக்கு நாய்களுக்கு ஏற்றும் தடுப்பூசியும், கடியுண்டவர்களுக்கு ஏற்றும் தடுப்பூசியுமே முக்கிய காரணங்கள். வெருண்டோடும் நாய் பிற நாய்களோடு கடியுண்டு திரும்பக்கூடுமாதலின், பண்டிகைக்கு முன்னரே அதன் தடுப்பூசித் துண்டை எடுத்துத் திகதியைப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

மருந்து கொடுத்து உறங்கவைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. நமக்கென்று தந்த நித்திரைக் குளிகையையோ, பரசிற்றமோலையோ நாய்க்குக் கொடுத்தல் பெருந்தவறு. பரசிற்றமோல் நாயின் ஈரலையும் செங்குருதிக் கலங்களையும் கெடுக்கும். முன்னாளிலே மிருக வைத்தியர் கொடுத்த சில மயக்க மருந்துகள் நாயின் கைகால்களைத் தளரவைத்தனவேயன்றி அச்சத்தைத் தணிக்கவில்லை. அசைய முடியாமற் கிடந்தபடியே அந்நாய் அத்தனையும் கேட்டு அஞ்சிக்கொண்டிருந்தது. பார்ப்பவருக்கு உறங்குவதுபோலத் தோன்றிற்று. அச்சத்தையே தணிக்கும் மருந்துகள் இப்போது உள்ளன. பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பே வைத்தியரை நாடி, அளவை ஒருமுறை பரீட்சித்துக்கொள்ளுதல் வேண்டும்.

அவகாசம் உள்ளவர்கள் வேறொன்றும் செய்யலாம். பதிவு செய்த வெடியோசையைக் கைத்தொலைபேசியிலே மிக மெல்லிதாக ஒலிக்கச் செய்து, அது கேட்கும்போதெல்லாம் நாய் விரும்பும் உணவைக் கொடுத்து, நாளடைவிலே ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது. அவசரப்பட்டு ஒரேயடியாகக் கூட்டிவிட்டால் எல்லாம் பாழ். இரண்டு மாதமாவது வேண்டும்.

வெடியைப் போலவே விருந்தும் ஒரு தொல்லை. தீபாவளியன்று பங்கு இறைச்சி வாங்கிச் சமைத்த வீடுகளிலே எலும்பெல்லாம் நாய்க்கே போகும். சமைத்த எலும்பு காய்ந்து முறுகியது. கூரிய சிம்புகளாகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். கொழுப்பு மிகுந்த குழம்புச் சோறு சதையியை அழற்றி, வாந்தியும் வயிற்று நோவும் உண்டாக்கும். வெங்காயம் செங்குருதிக் கலங்களை அழிக்கும். சொக்கலேற்றிலுள்ள தியோபுரோமீன் என்னும் பொருளிற் பாதி நாயின் உடம்பிலிருந்து கழிவதற்கே ஏறக்குறைய 17 மணி நேரம் செல்லும். நிறங்கறுத்த சொக்கலேற்றாயின் ஆபத்தும் மிகுதி.

பலர் அறியாதது முந்திரிகை வற்றலின் தீமை. சர்க்கரைப் பொங்கலிலும் நத்தார்க் கேக்கிலும் நாம் தாராளமாக இடும் இவ்வற்றல் சில நாய்களின் சிறுநீரகத்தை இரண்டொரு நாளிலே செயலிழக்கச் செய்துவிடும். எவ்வளவு தின்றால் தீங்கு என்று அளவு கூற முடியாது; சில நாய்கள் தப்புகின்றன, சில சிறிதளவிலே மடிகின்றன. ஏன் என்பது நெடுங்காலம் விளங்காமலிருந்தது. திராட்சையிலுள்ள தாத்தாரிக் அமிலமே காரணமாகலாம் என்ற கருத்தை அமெரிக்க மிருக வைத்தியர் சிலர் 2021 இல் வெளியிட்டனர். புளியைத் தின்ற நாய்களுக்கும் அவ்வாறே சிறுநீரகம் பழுதானமை 2022 இல் அறிவிக்கப்பட்டது. நமது பழப்புளிக்குப் புளிப்பைத் தருவதும் அந்த அமிலமே. ஆதலால் பொங்கற் பானையிலிருந்து நாய்க்கு ஒரு பங்கு எடுத்துவைக்க விரும்புவோர், வற்றலும் சர்க்கரையும் இடுமுன்னரே வெறுஞ் சோறாக எடுத்துவைத்தல் நன்று. அது தின்றுவிட்டதைக் கண்டால் வாந்தி வரும்வரை காத்திராது, உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு இன்னொரு தனிக் குணம் உண்டு. ஏப்பிரில் மாத முற்பகுதியிலே சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியிலே நிற்கிறது. அக்காலத்திலேதான் கொழும்பிலிருந்து பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகின்றன. முற்றத்திலே ஒரு சட்டி சோற்றையும் ஒரு சட்டி நீரையும் வைத்துவிட்டு நான்கு நாள் போய்வருபவர்களை நான் அறிவேன். சோறு மறுநாளே புளித்துவிடும், நீர் காய்ந்துவிடும், இடையிலே வெடியும் வெடிக்கும். நாயறிந்த அயலவர் ஒருவர் காலையும் மாலையும் வந்து பார்க்கும்படி ஒழுங்கு செய்தல் வேண்டும். வெடிவேளையிலே அவர் உடனிருக்க இசைந்தால் பின்னும் நன்று. கூடவே கொண்டுசெல்பவர்கள் தேநீர் அருந்த இறங்கும்போது கண்ணாடி மூடிய வண்டிக்குள்ளே அதனை விட்டுச்செல்லல் ஆகாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. இளைத்தே வெப்பத்தைப் போக்குகிறது. மூடிய வண்டியிலே அவ்வழியும் அடைபட்டுப்போகும்.

இத்தனை செய்தும் ஓடிவிட்டால்? கழுத்துப் பட்டியிலே தொலைபேசி இலக்கம் எழுதிய தகடு இருக்குமாயின் பாதித் துயர் தீர்ந்தது. வெருண்ட நாய் ஓடி ஓய்ந்ததும் மதகின் கீழோ, பாழ்வளவிலோ, கடையின் பின்புறத்திலோ ஒடுங்கிக் கிடக்கும், கூப்பிட்டாலும் வராது. கூட்டமாகத் துரத்திச் செல்வது அதனை மேலும் தூரத்துக்கு ஓட்டும். ஓசையடங்கிய பின்னிரவிலும் விடியலிலும் வீட்டார் ஒருவர் தனியே சென்று, கண்டவிடத்தே தரையில் அமர்ந்து, பக்கவாட்டிலே திரும்பியிருந்து மெல்லப் பேசினால் பெரும்பாலும் தானே அணுகும். வீட்டுப் படலையை ஒருக்களித்துத் திறந்து, வீட்டார் உடுத்த துணியொன்றை அங்கே இட்டுவைத்தலும் பயன்தரும். நாங்கள் வீரனை அன்று பத்துப் பேராய்ச் சேர்ந்து கூவிக்கொண்டு தேடினோம்.

வீடில்லாத நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்தியிலும் தேநீர்க் கடை வாசலிலும் கிடக்கும் கட்டாக்காலி நாய்களுக்கு ஒளிய ஓர் அறை இல்லை. அவற்றின் மேல் வெடியை எறிவதும், வாலிலே கட்டிக் கொளுத்துவதும் சில சிறுவர்க்கு விளையாட்டு. மிருகங்களை வதைத்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டிலே 1907 இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் இவ்விடயத்திலே பொலிசாரிலும் பார்க்கத் தாய்தந்தையரே விரைந்து செயற்பட வல்லவர். நாம் தீபாவளி கொண்டாடும் அதே நாட்களில் நேபாளத்திலே திகார் என்னும் பண்டிகை நடைபெறுகிறது. அதன் இரண்டாம் நாள் நாய்களுக்குரியது. வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் நெற்றியிலே திலகமிட்டு, மாலை சூட்டி, உணவு படைக்கிறார்கள். மாலை சூட்டாவிடினும், வெடி வெடிக்கும் வேளையிலே படலையோரத்தில் வந்து ஒடுங்கும் தெருநாயை விரட்டாதிருக்க நம்மால் முடியும். மறுநாட் காலையிலே வெடிக்காது கிடக்கும் சீனவெடிகளைக் கூட்டி நீரில் நனைத்து அகற்றுவதும் வேண்டியதே. அவற்றின் மருந்து தின்னும் நாய்க்கு நஞ்சு.

இப்போது எங்கள் வீட்டிலிருப்பது கறுத்தப் பெட்டை நாயொன்று. தீபாவளியன்று விடியுமுன் எழுந்து அதற்குச் சோறு வைத்து, என் கட்டிலின் கீழே சாக்கு விரித்து, வானொலியைத் திறந்துவிட்டு அருகிலே அமர்ந்துகொள்கிறேன். வீட்டார் மற்றவர்கள் காலைப் பூசைக்குப் போய்வருகிறார்கள். நான் போவது மாலைப் பூசைக்கு.